612 பக்கக் காதலும் ஒரு குத்துவிளக்கும்

சென்ற ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனபோது, கையிலிருந்த பட்டியலில் இல்லாத ஒரு தடித்த நூலும் பையில் ஏறிக்கொண்டது. 612 பக்கங்கள், விலை 700 ரூபாய், வழக்கமான பத்து விழுக்காட்டுக் கழிவு போக 630. சோழர் காலம், கடல் கடந்த கடாரப் படையெடுப்பு, தஞ்சைத் தளிச்சேரிப் (கோயிலில் ஆடும் பெண்களின் குடியிருப்பு) பெண் ஒருத்திக்கும் கடற்படைத் தலைவன் ஒருவனுக்கும் இடையிலான காதல் என்று பின்னட்டை சொன்னது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது வாங்காமல் திரும்பும் மனவுறுதி எனக்கு இல்லை. அப்பா கிழித்துச் சேர்த்துக் கட்டி வைத்திருந்த வார இதழ்த் தொடர்களை விடுமுறை மதியங்களில் படித்து வளர்ந்தவன் நான். சரித்திரக் கதை என்றால் குறைகளைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது. அப்படிப்பட்ட எனக்கே இந்த நாவலை முடிக்க ஏழு வாரங்கள் பிடித்தன. இது ஆசிரியரின் முதல் நாவல் என்பதாலும், இதிலுள்ள குறைகள் அண்மையில் நான் வாசித்த வேறு சில நாவல்களுக்கும் உரியவை என்பதாலும், நூலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1024-ஆம் ஆண்டு. பெருவுடையார் கோயிலில் ஆடும் பெண்ணை, நாகப்பட்டினத்திலிருந்து ஓலை கொண்டுவரும் இளந்தலைவன் ஒருவன் காண்கிறான். நான்காம் அத்தியாயத்திலேயே இருவரும் காதலில் விழுகிறார்கள். பதினோராம் அத்தியாயத்தில், வேற்றான் ஒருவனுடன் அவள் இரவில் பேசிக்கொண்டிருப்பதைத் தலைவன் பார்த்துவிடுகிறான். அந்த வேற்றான் சிறு வயதில் காணாமற்போன அவளுடைய அண்ணன் என்பது வாசகருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தலைவனுக்குத் தெரிவதற்கு இன்னும் 340 பக்கங்கள் தேவைப்படுகின்றன. இடையில் கடாரப் போர் நடக்கிறது, எதிரி நாடாகிய ஸ்ரீவிசயத்து ஒற்றன் ஒருவன் பிடிபடுகிறான், இரண்டு முறை நஞ்சு வைக்கப்படுகிறது. கடைசியில் அண்ணன் உண்மையைச் சொல்லிவிட்டு இறக்க, காதலர் சேர்கின்றனர்.

என் அக்கா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மாதம் ஆறு நாவல்களுக்குக் குறையாமல் வாசிப்பவர். நூலை அவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து, 210-ஆம் பக்கத்தில் பேருந்துச் சீட்டு ஒன்றைச் செருகித் திருப்பிக் கொடுத்தார். “ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சு போற விஷயத்துக்கு எதுக்குடா இத்தனை கப்பல்?” என்றார். நான் எழுத உட்கார்ந்திருக்கும் மதிப்புரையின் சாரம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. ஆயினும் அவர் கேட்டது ஏன் சரி என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும்.

காதற்கதையில் வாசகரைப் பிடித்து வைப்பது தடை. காதலர் சேர மாட்டார்களா என்ற தவிப்பு அந்தத் தடையின் கனத்தைப் பொறுத்தது. சரித்திரக் காதல் நாவலில் தடை அந்தக் காலத்திலிருந்தே வர வேண்டும் என்பது என் கருத்து. இன்றைக்கு இல்லாத ஒரு கட்டு, இன்றைக்கு அஞ்சத் தேவையில்லாத ஒரு தொலைவு, அன்றைக்கு மட்டுமே உயிரோடு இருந்த ஒரு கடமை அவர்களைப் பிரிக்க வேண்டும். அப்படியில்லாமல் ‘நீ யாருடன் பேசினாய்?’ என்ற ஐயம் மட்டும் பிரிக்குமானால், அந்த இருவரையும் தஞ்சையிலிருந்து தூக்கி இன்றைய மாலை நேரத் தொலைக்காட்சித் தொடரில் வைத்துவிடலாம். ஆடையை மாற்றினால் போதும். இந்த நாவலில் அதுதான் நடந்திருக்கிறது. சோழர் காலம் மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாக இருக்கிறது. நடிப்பவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இதில் வருத்தம் தரும் செய்தி ஒன்று உண்டு. ஆசிரியர் தேர்ந்துகொண்ட களத்திலேயே, அவர் கைக்கெட்டும் தூரத்தில், உண்மையான தடை கல்லில் வெட்டப்பட்டுக் கிடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மதிலில் முதலாம் இராசராசனின் தளிச்சேரிக் கல்வெட்டு இருக்கிறது. சோழ மண்டலத்தின் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவரப்பட்டுத் தஞ்சையில் குடியமர்த்தப்பட்ட 400 பெண்களின் பட்டியல் அது. எந்தச் சேரி, தெருவின் எந்தச் சிறகு (பக்க வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், பெயர் என்ன என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறார்கள். பெயர்களுக்கு முன்னால் ‘நக்கன்’ என்ற அடைமொழி வரிசையாக வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அதுவும் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்து. ஆட்டம் பயிற்றுவோர், பாடுவோர், குழல் ஊதுவோர், கணக்கர், தையல்காரர் என்று கோயிலைச் சார்ந்து வாழ்ந்த மற்றவர்களின் பங்குகளும் தொடர்ந்து வருகின்றன. பங்கு பெற்றவர் இறந்துபோனாலோ, ஊரை விட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்து பணி செய்விக்க வேண்டும்.

‘ஊரை விட்டுப் போனால்’ என்ற அந்த இடத்தில் ஒரு நாவலாசிரியர் நின்றிருக்க வேண்டும். தளிச்சேரிப் பெண் தலைவனுடன் நாகப்பட்டினத்துக்குப் போவதென்றால், தன் வீட்டையும் நூறு கலம் நெல்லையும் விட்டுப் போகிறாள். அந்த நெல்லை உண்டு வாழும் தாயையும் விட்டுப் போகிறாள். அவளுக்குப் பின் அந்தப் பங்கு யாருக்கு? தங்கைக்கு என்றால், தங்கை ஆட விரும்புகிறாளா? அவளுக்கு ஆட்டம் வருமா? வராவிட்டால் வெளியிலிருந்து வருபவள் அந்த வீட்டில் குடியேறுவாளா? இந்தக் கேள்விகளில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாலே 612 பக்கங்களுக்குப் போதுமான கதை கிடைத்திருக்கும். நாவலிலோ நாயகி ‘ஏழை ஆடல் மகள்’ என்று பன்முறை சொல்லப்படுகிறாள். அவள் எங்கே குடியிருக்கிறாள், என்ன உண்கிறாள், எப்போது பயிற்சி செய்கிறாள், யாருக்குக் கட்டுப்பட்டவள் என்பவை எங்கும் வரவில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு அவளுக்கு முகவரி எழுதி வைத்திருக்கிறது. நாவலாசிரியர் அவளை முகவரி இல்லாதவளாக்கிவிட்டார்.

காலமும் ஆசிரியருக்குச் சாதகமாகவே இருந்தது. கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்குப் பின் இராசேந்திரன் தஞ்சையை விட்டு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வடகிழக்கே கங்கைகொண்ட சோழபுரத்தைப் புதிய தலைநகராக எழுப்பிய காலம் அது. அரசவையும் படைத்தலைவர்களும் புதிய நகருக்குப் போகிறார்கள். பங்கு தஞ்சைக் கோயிலுக்குக் கட்டுப்பட்டதாகையால் அவள் போக முடியாது. ஒரு தலைநகர் பெயரும்போது பழைய நகரில் தங்கிவிடுபவர்களின் தனிமையை நம் கதைகள் அதிகம் எழுதியதில்லை. இந்த நாவல் தலைநகர் பெயர்ந்ததையே கவனிக்கவில்லை. 1025-க்குப் பின்னரும் அரசர் தஞ்சை அரண்மனை மாடத்தில் நின்று நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கடலின் கதையும் அப்படியே. நாகப்பட்டினத்திலிருந்து இன்றைய மலேசியாவின் கெடா மாநிலமாகிய கடாரம் நேர்க்கோட்டில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இருக்கிறது. பாய்மரக் கப்பல் அந்தக் கடலை நினைத்தபோது கடக்க முடியாது. கிழக்கே போக மேலைக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். திரும்பி வர வாடைக்குக் காத்திருக்க வேண்டும். போனவன் உயிரோடு இருக்கிறானா என்பதைக் காற்று மாறும் வரை கரையில் இருப்பவள் அறிய வழியில்லை. பிரிவைப் பாடுவதில் நம் மொழிக்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் உண்டு. கார்காலம் வந்தும் தலைவன் வரவில்லை என்று முல்லைத்திணையில் தலைவி வருந்துவதற்கு ஈடான ஒரு கடற்பிரிவை இங்கே எழுதியிருக்கலாம். ஆசிரியர் புறா விட்டுவிட்டார். கடாரத்துப் பாசறையிலிருந்து பறந்த புறா நான்காம் நாள் தஞ்சையில் நாயகியின் தோளில் வந்து அமர்கிறது. அந்தப் பக்கத்தில் நூலைக் கீழே வைத்துவிட்டுக் காபி போடப் போனேன். சிரிப்பு வந்தது என்பது உண்மை. அதைவிட, காத்திருப்பு என்ற ஒன்றையே ஒரு பறவையைக் கொண்டு இவர் ஒழித்துவிட்டாரே என்ற எரிச்சல் அதிகமாக இருந்தது.

நாயகியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பென்சிலும் கையுமாக வாசிப்பது என் வழக்கம். ‘கயல்விழி’ என்று அவள் கண்கள் 43 இடங்களிலும், ‘கொடியிடை’ என்று இடை 29 இடங்களிலும் வருகின்றன. அவள் ஆடுகிறாள் என்பதும் அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் காலில் சதங்கையின் தழும்பு எப்படி இருக்கும், கருங்கல் தளத்தில் நாள்தோறும் தட்டித் தட்டிக் குதிகால் என்ன ஆகும் என்பவை ஓரிடத்திலும் இல்லை. பார்ப்பவனின் கண்ணிலிருந்தே அவள் முழுவதும் எழுதப்பட்டிருக்கிறாள். அவளுக்கு ஏன் அவனைப் பிடித்தது என்பதற்கு நூலில் கிடைக்கும் ஒரே காரணம், முதற்சந்திப்பில் வழுக்கி விழ இருந்தவளை அவன் தாங்கிப் பிடித்தான் என்பது. அடுத்த சந்திப்பில் இருட்டில் பின்னாலிருந்து அவள் கையைப் பற்றி இழுக்கிறான். அவள் ‘நாணத்தால் சிவந்தாள்’. இன்று சரித்திர நாவல் வாங்கும் பெண்கள் பலருக்கு அந்த இடத்திலேயே தலைவனைப் பிடிக்காமற் போய்விடும். அந்தக் காலத்து ஆண்கள் அப்படித்தான் என்று சிலர் வாதிடலாம். நம் அகமரபையே எடுத்துக்கொண்டாலும், தலைவியின் பக்கம் நின்று தலைவனை நிறுத்திக் கேள்வி கேட்கும் தோழி அங்கே உண்டு. எப்போது மணம் செய்யப் போகிறாய் என்று அவள் வற்புறுத்துவதற்கு ‘வரைவு கடாதல்’ என்று துறையே வகுத்திருக்கிறார்கள். இந்த நாவலில் வரும் தோழி ஓலை கொண்டு போகிறாள், களுக்கென்று சிரிக்கிறாள். கேள்வி மட்டும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அக்கா சொன்னதுபோல் கதை அன்றே முடிந்திருக்கும் என்பதால் ஆசிரியர் அவள் வாயைக் கட்டிவிட்டார் போலும்.

உழைப்பில்லாமல் எழுதப்பட்ட நூல் என்று இதைச் சொல்லிவிட முடியாது. ஆசிரியர் நிறையப் படித்திருக்கிறார். படித்ததையெல்லாம் பாத்திரங்களின் வாயில் போட்டுவிட்டதுதான் சிக்கல். புறப்பாட்டுக்கு முந்தைய இரவில், நிலவொளியில், பிரிவுத்துயரில் இருக்கும் நாயகியிடம் தலைவன் தாங்கள் வெல்லப்போகும் ஊர்களின் பெயர்களை ஒப்பிக்கிறான்: ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம் என்று தொடங்கி, மாநக்கவாரம் கடந்து கடாரம் வரைக்கும். பட்டியல் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியிலிருந்து, அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அவன் வெற்றிகளைப் புகழும் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது என்பது படித்தவர்களுக்குத் தெரியும். ‘அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி’ என்று தொடங்கும் அந்தப் பகுதி கல்லில் ஒரே மூச்சில் ஓடுகிறது. ஒவ்வோர் ஊருக்கும் அதன் கோட்டையோ அகழியோ சோலையோ அடைமொழியாக ஒட்டிக்கொண்டிருப்பதால் வாசிக்கும்போதே கப்பல் நகர்வது தெரியும். அதைக் காதலியின் காதில் இருப்புப் பட்டியலாகச் சொல்லுகிறவனிடம் அவள், ‘இவ்வளவு ஊர்களா, என் நாதா!’ என்று வியக்கிறாள். அவள் வேறு என்னதான் சொல்வாள்? பிரியும் இரவில் ஒருவன் ஊர்களை எண்ணுவதற்குக் காரணம் இருக்கலாம். அச்சத்தை மறைக்க எண்ணலாம், அழாமலிருக்க எண்ணலாம். அந்தக் காரணம் ஆசிரியரிடம் இல்லை. தான் கண்டுபிடித்த செய்தி வீணாகிவிடக் கூடாது என்ற கவலை மட்டுமே இருந்திருக்கிறது.

பிழைகளைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. தஞ்சைச் சமையற்கட்டில் 1024-இல் மிளகாய் வறுபடும் நெடி வருகிறது. போர்த்துக்கீசியர் 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கியதற்குப் பின்னரே அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய மிளகாய் இந்த நாட்டுக்கு வந்தது. நமக்குக் காரம் என்றால் அதுவரை மிளகுதான்; மிளகாய் என்ற பெயரே மிளகை வைத்துக் கட்டிய பெயர். போர்வீரன் ஒருவன் ‘ஒரு நிமிடம் பொறு’ என்கிறான். நாழிகையால் நாளை அளந்தவர்கள் நிமிடத்தை எங்கிருந்து கொண்டு வந்தார்கள் என்று தெரியவில்லை. அட்டைப்படத்தில் நாயகி பெரிய நந்தியின் முன் நிற்கிறாள். இன்று நாம் காணும் அந்த நந்தியும் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. இவற்றையெல்லாம் மறுபதிப்பில் ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம். மிளகாய்க்காக ஒரு நாவலை நான் மூடி வைத்ததில்லை. கதை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் பெரும்பாலான வாசகர் மிளகாயைக் கவனிக்கவே மாட்டார்கள். இழுக்காதபோதுதான் கண் சமையற்கட்டுப் பக்கம் போகிறது.

நடையிலும் இதே போலித்தனம் தெரிகிறது. பாத்திரங்கள் ஒரு வரியில் ‘தங்கள் சித்தம் என் பாக்கியம்’ என்றும் அடுத்த வரியில் ‘எனக்கு மூட் சரியில்லை’ என்பதற்கு நிகரான ஒரு தொடரைத் தூய தமிழில் மொழிபெயர்த்தும் பேசுகின்றனர். பழமை என்பது சொல்லின் வயதில் இல்லை. ஒருவர் மற்றவரிடம் எதைச் சொல்லத் துணிவார், எதைச் சொல்லாமல் விடுவார் என்பதில் இருக்கிறது. தலைவன் சேனாதிபதியிடம் பேசுவதும், படகோட்டியிடம் பேசுவதும், காதலியிடம் பேசுவதும் ஒரே அடுக்கு மொழியில் இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரியாது.

நூலைப் பாதி வாசித்திருந்தபோது திருவாரூர் போகும் வாய்ப்பு வந்தது. தியாகராசர் கோயிலில் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அரசனின் அணுக்கியார் பரவை நங்கை அந்தக் கோயிலுக்குப் பொன் வேய்ந்தார். அரசனும் அவரும் நின்ற இடம் தெரியும்படி அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. கல்வெட்டில் என் மனத்தில் நின்றது இவ்வளவுதான். அணுக்கியார் என்றால் அணுக்கமானவர். பட்டத்தரசி என்றோ மனைவி என்றோ கல் சொல்லவில்லை. சுந்தரரின் காதலுக்குரிய பரவையாரும் இதே திருவாரூர்க்காரர் என்பதை எண்ணினால் அந்தப் பெயருக்கே ஒரு நிறம் கூடுகிறது. கடலுக்கு அப்பால் படை அனுப்பிய ஓர் அரசன், தானும் ஒருத்தியும் சேர்ந்து நின்ற தரையைக் குறிக்க விளக்கு வைப்பதற்கு இசைந்திருக்கிறான். அந்த இருவரின் கண்ணும் இடையும் எப்படி இருந்தன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பிராகாரத்தில் நின்றபடி அந்த விளக்கு எந்த இடத்தில் எரிந்திருக்கும் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, பையிலிருந்த நாவலின் 300 பக்கங்களில் ஒரு முறையும் ஏற்படாத தவிப்பு ஏற்பட்டது. எவ்வளவு எண்ணெய் அளந்தார்கள், அவள் இறந்தபின் அதை யார் ஏற்றினார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. என் சொந்தக் கற்பனையை அந்த ஒரு செய்தி வேலை செய்ய வைத்தது. நாவலோ எனக்கு ஒரு வேலையும் வைக்காமல் எல்லாவற்றையும் இரண்டு முறை விளக்கியது.

நியாயமாக ஒன்பதாம் அத்தியாயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்துத் துறையில் ஒரு கிழக் கப்பல் தச்சன், பலகைகளைத் துளையிட்டுத் தென்னங்கயிற்றால் தைத்துக்கொண்டிருக்கிறான். முந்தைய கடற்பயணம் ஒன்றில் அவன் மகன் திரும்பவில்லை. அந்தக் கப்பலைத் தைத்ததும் இவன்தான். ஒவ்வொரு முடிச்சையும் போட்டபின் பல்லால் இழுத்துப் பார்க்கிறான். தலைவன் அவனிடம் இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று கேட்க, கிழவன் விடை சொல்லாமல், போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போடத் தொடங்குகிறான். ஏழே பக்கங்கள். அடைமொழி இல்லை, நிலவு இல்லை, அரசர் இல்லை. கடாரப் படையெடுப்பு என்பது ஒரு தகப்பனின் விரல்களுக்கு என்னவாக இருந்தது என்பது தெரிகிறது. இந்த ஏழு பக்கங்களை எழுதியவர்தான் அந்தப் புறாவையும் பறக்கவிட்டார் என்பதை நம்பக் கடினமாக இருந்தது; இரண்டாம் முறை வாசித்த ஒரே பகுதி இதுதான்.

கையில் எடுக்கும் ஒரு பொருள் என்ற வகையில் நூலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தாள் நல்ல வெண்மை, எழுத்து கண்ணை உறுத்தாத அளவு, கட்டு உறுதி. என் படியில் 417 முதல் 432 வரையிலான பக்கங்கள் இரண்டு முறை வைத்துக் கட்டப்பட்டிருந்தன; கதை அந்த இடத்தில் நகராமல் நின்றிருந்ததால் இதைக் கண்டுகொள்ளச் சிறிது நேரம் ஆயிற்று. சோழர் காலம் பற்றி எதையும் வாசித்திராத, பயணத்தில் புரட்டுவதற்கு ஒரு கதை வேண்டும் என்பவர்களுக்கு நூலகத்தில் கிடைத்தால் போதும். 630 ரூபாய் கொடுக்க வேண்டாம். இரண்டாம் பாகம் விரைவில் வரும் என்று கடைசிப் பக்கம் அறிவிக்கிறது. தஞ்சைக் காதலர் இருவரும் சேர்ந்துவிட்டதால் அவர்களைப் பற்றி எனக்கு அக்கறை இல்லை. கிழத் தச்சன் இன்னும் நாகப்பட்டினத்தில்தான் இருக்கிறான். அவன் வருகிறானா என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன்.